நசுங்கிய மகாராணி

போன் ஒலித்தபோது மணி பதினொன்று பத்து.

ரிட்டயர்ட் ஜட்ஜ் எடுத்தார். எழுபத்தாறு வயது. போன் பேசும்போதுகூட அவர் முதுகு நாற்காலியில் சாயாது.

"ஐயா, காயலான் கடை தராசு பேசறேன். துக்கம் விசாரிக்கலாம்னு..."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்க மகாராணிக்குத்தான் ஐயா. இப்பதான் என் கையாலயே மெஷின்ல விட்டு நசுக்கினேன். மனசு கேக்கல."

ஜட்ஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

ஷெட்டில் மகாராணி நின்றுகொண்டிருந்தது. அவருடைய அப்பா ஆசையாக வாங்கி, பேர் வைத்ததாக ஊரே சொல்லும் கறுப்புக் கார். பம்பரில் வெயில் பளபளத்தது.

"நசுக்கின வண்டி எப்படி என் ஷெட்ல நிக்கும்?"



"ஐயா... நீங்களே கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்பியிருக்கீங்க."

"நானா?"

"சின்ன ஐயா அப்பவே சொன்னார். அப்பாவுக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி, போன் பண்ணிக் குழப்பிடாதீங்கன்னு. நான்தான் கேக்காம..."

சின்ன ஐயா என்றால் ஜட்ஜின் ஒரே மகன். புதுக் கார் ஷோரூமில் மேனேஜர்.

ஜட்ஜ் போனை வைத்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். 

* * *

காயலான் கடையில் அதன் முதலாளி தராசு ஓர் இரும்புப் பொதியைக் காட்டினான். ஒரு முழுக் கார், டீ மேஜை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஜட்ஜ் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நம்பர்த் துண்டு எங்க?"

பழைய காரை நசுக்குவதற்கு முன், சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தை உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து எடுத்துவிடுவார்கள். அந்தத் துண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தால் கார் செத்துவிட்டதாக அர்த்தம். ஒரு சான்றிதழ் வரும். அதைக் காட்டினால் புதுக் காரில் தள்ளுபடி.

தராசு டிராயரைத் திறந்தான்.

"இரு. நான் சொல்றேன், நீ சரிபாரு. நாலு, பூஜ்யம், எட்டு, எட்டு, ஒண்ணு, ஆறு. ரெண்டாவது எட்டோட வயித்துல ஒரு கீறல் இருக்கும்."

தராசு துண்டை வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"இருக்கு ஐயா."

"யாருக்கு மறதி?"

"எனக்குத்தான் ஐயா." தலையைச் சொறிந்தான். "வண்டி வந்தப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. அதே மாடல்தான், ஆனா அடியெல்லாம் துரு. நீங்க மகாராணியைத் துடைக்கிற துடைக்கு துரு எப்படி வரும்?"

"துண்டைச் சுத்திப் புது வெல்டிங் இருந்துச்சா?"

"...இருந்துச்சு."

ஜட்ஜ் படிவத்தை வாங்கினார். கீழே அவருடைய கையெழுத்து. போலி இல்லை. அசல்.

போன வாரம் மகன் ஒரு கட்டுத் தாளை நீட்டினான்.

'இன்ஷூரன்ஸ்ப்பா. பென்சில்ல குறி போட்ட இடத்துல எல்லாம் ஒரு கையெழுத்து.'

படிக்காமல் எந்தத் தாளிலும் பேனாவை வைக்காத மனிதர். நீட்டியது மகன் என்பதால் மட்டும் படிக்காமல் போட்டார்.

"ஆபீஸுக்கு அனுப்பிட்டியா?"

"ஆள் சாயந்திரம்தான் வருவார்."

"அனுப்பாதே. இந்த நம்பரோட வந்தது என் வண்டி இல்ல. அனுப்பினா உனக்கும் விலங்குதான்."

தராசு படிவத்தையும் துண்டையும் இரண்டு கைகளாலும் நீட்டினான்.

"சின்ன ஐயா கேட்டா?"

"அப்பா வந்து சுட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லு."

* * *

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டில் பானெட்டைத் தூக்கினார்.

எஞ்சினுக்குப் பின்னால், நம்பர் இருக்கும் இடத்தில் ஈரம் காயாத மாதிரி புதுப் பெயின்ட். அதில் வேறு ஒரு நம்பர்.

விளங்கிவிட்டது. அதே மாடலில் துருப்பிடித்த ஓட்டை வண்டி ஒன்றை மகன் தன் பேரில் வாங்கியிருக்கிறான். மகாராணியின் நம்பரை அறுத்து அந்த ஓட்டை வண்டியில் ஒட்டி, நசுக்க அனுப்பிவிட்டான். ஓட்டை வண்டியின் நம்பரை இங்கே ஒட்டிவிட்டான். இனி இந்தக் கார் மகனுடையது. அப்பா வாயைத் திறந்தால்... மறதி!

காரை எடுத்தது திருட்டு. அறிவை எடுக்கப் பார்த்ததற்கு என்ன பெயர்?

மூன்றரைக்கு மகன் வந்தான்.

"அப்பா, நாலு மணிக்குக் கண் டாக்டர். டாக்ஸி சொல்லிட்டேன்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"நீங்கதானே போன வாரம் கேட்டீங்க. மறந்துட்டீங்களா?"

"கேட்டேனா?"

"பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன்," என்று பிரியமாக அவர் தோளைத் தட்டினான்.

ஜட்ஜ் டாக்ஸியில் ஏறினார். தெருமுனையில் இறங்கிக்கொண்டார்.

* * *

நாலே கால்.

வாசலில் கார் ஏற்றும் லாரி. பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிற தொப்பிக்காரப் பணக்காரர் ஒருவர் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். பக்கத்தில் மகன்.

"அப்பா... டாக்டர்?"

"கண்ணைத் திறந்து பாக்கச் சொன்னார்."

மகன் முகம் வெளுத்தது. உடனே சமாளித்தான்.

"சார், அப்பாவுக்கு வயசாச்சு. அவர் வண்டியை அவரே நசுக்கக் கொடுத்துட்டார். இது என் பேர்ல இருக்கிற வண்டி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டா? குடும்ப மானம்னு ரெண்டு மணி நேரம் பேசுவீங்க." குரல் உயர்ந்தது. "இந்த வண்டியோட விலை வருஷா வருஷம் ஏறுது. இன்னிக்கு ரெண்டு வீடு வாங்கலாம். நீங்க துணியை வெச்சுத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க. முதலீடுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நீதான்."

தொப்பிக்காரர் நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம். நம்பர் இது இல்லையே?"

"நம்பரை மட்டும்தான் சார் மாத்தியிருக்கேன். பின்னால உங்களுக்குச் சிக்கல் வரக் கூடாதுன்னு. வண்டி அதேதான்."

"அடப்பாவி. நான் வந்ததே அந்த நம்பருக்குத்தான்யா."

மகனுக்குப் புரியவில்லை.

"நிஜ மகாராணியை ஒரு புரோக்கர்கிட்ட வாங்கினேன், ஒன்பது வருஷமா என் கராஜ்ல நிக்குது. நம்பர் இருந்த இடத்துல மட்டும் ஓட்டை. நம்பர் இல்லாத வண்டியை எவன் அசல்னு ஒத்துக்குவான்? அந்த நம்பர் இந்த வீட்டு விலாசத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சுத்தான் உங்கிட்ட விலை பேசினேன்." பானெட்டை மூடினார். "இது ஜோடிச்ச வண்டி. உங்க அப்பாவுக்குத் தெரியாம இருக்காது."

மகன் மெல்லத் திரும்பினான்.

ஜட்ஜின் முதுகு முதல்முறையாகக் கொஞ்சம் வளைந்தது.

"நீ வெளிநாட்டுக்குப் படிக்கப் போனியே, அந்த வருஷம் உன் ஃபீஸுக்காக வித்தேன். வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு அதே மாடல்ல ஒண்ணை வாங்கி, மகாராணியோட நம்பரை அறுத்து இதுல ஒட்ட வெச்சேன். ஜட்ஜா இருந்துக்கிட்டு நான் செஞ்ச ஒரே திருட்டு." மகனையே பார்த்தார். "இந்த வண்டியில நிஜம்னு இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்பு. நீ சரியா அதைப் பாத்து அறுத்து, காயலான் கடையில போட்டுட்ட."

மகன் அவசரமாகப் போனை எடுத்தான்.

"வேண்டாம்ப்பா. எங்கிட்ட இருக்கு."

சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்தார். தொப்பிக்காரர் கையில் வைத்தார்.

"என்ன வேணும்னு சொல்லுங்க சார்."

"ஒண்ணும் வேண்டாம். அன்னிக்கே முழு வண்டிக்கும் பணம் வாங்கிட்டேன். வித்ததை ரெண்டாவது தடவை விக்கறது அசிங்கம்."

"அப்பா..." மகன் அந்தத் துண்டை நோக்கிக் கை நீட்டினான்.

"சேர்க்க வேண்டிய எடத்துல சேர்த்துட்டேன்."

லாரி காலியாகத் திரும்பிப் போனது. மகன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இத்தனை வருஷத்துல... எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமேப்பா?"

ஜட்ஜ் துணியை எடுத்து, பம்பரில் மகனின் விரல் பட்ட இடத்தை நிதானமாகத் துடைத்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றார். "மறந்துட்டேன்ப்பா."