சொல்லாத சம்மதம்

அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரெங்கநாயகிக்கு, படுக்கையறையில் கணவர் நல்லதம்பி யாருக்கோ பதில் சொல்வது கேட்டது.

"சரிம்மா, ஃபேனைக் குறைச்சிடுறேன்." ரெகுலேட்டரைத் திருகும் சத்தம். "இப்பப் பரவாயில்லையா?"

வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"இப்பதான படுத்த? அதுக்குள்ள ஏன் எந்திரிச்ச?"

"நான் எங்க படுத்தேன்? காய் நறுக்கிட்டு இருக்கேன்."

அவர் கட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி, சரி" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததிலிருந்து அவளிடம் அவர் பேசுவதெல்லாம் இந்தச் 'சரி சரி'தான். கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில், கட்டிலில் தன் பக்கத்து விரிப்பு கசங்கிக் கிடந்ததையும், அறையில் லேசாக ஸ்பிரிட் வாடை அடித்ததையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சினைப்பையில் வந்த புற்றுநோய், ஆபரேஷனும் கீமோவும் முடிந்து முடி வளரத் தொடங்கிய நேரத்தில் திரும்பி வந்திருந்தது. புது மருந்து ஒன்றுக்கு ஆராய்ச்சி நடப்பதாக டாக்டர் சொன்னார். சேர்பவர்களைக் கம்ப்யூட்டர் இரண்டு குழுவாகப் பிரிக்கும். ஒரு குழுவுக்கு வழக்கமான மருந்தோடு புதியதும் சேர்த்து, மற்றதற்கு வழக்கமானது மட்டும். இதையெல்லாம் அவர் நல்லதம்பியின் முகத்தைப் பார்த்தே விளக்கினார்.

"அந்த மருந்து எனக்குக் கேக்குமா டாக்டர்?" என்று அவள் குறுக்கே கேட்டாள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தாம்மா ஆராய்ச்சியே."

"உங்க அம்மாவுக்கு வந்திருந்தா என்ன செய்வீங்க?"

"அது உங்க முடிவும்மா" என்று சிரித்துவிட்டு, மறுபடி நல்லதம்பி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது ரேஷ்மா ஒருத்திதான். ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் பிரிவில் வேலை பார்க்கும் பெண். "யார் சொன்னாலும் சேராதீங்க மேடம். உங்களுக்கே தோணினா மட்டும் சேருங்க. வேண்டாம்னாலும் உங்க டிரீட்மெண்ட் நிக்காது. திங்கட்கிழமை சொன்னாப் போதும்" என்று தன் நம்பரைக் கொடுத்தாள்.

ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்கியது. திருவெறும்பூர் ஃபாக்டரியில் காலமெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டிய நல்லதம்பிக்கு, புதியது எதுவானாலும் பழையதைவிட மேல். சேர்ந்தே ஆக வேண்டும். பெங்களூரிலிருந்து மகன் பாலமுரளி, "அம்மாவை வச்சு சோதனை பண்ணிப் பாக்க விடமாட்டேன்" என்று போனில் கத்தினான். சாப்பாட்டு மேசை நடுவே ஸ்பீக்கர் போட்டு வைத்த போனும் நல்லதம்பியும் மாறி மாறி இரைந்துகொண்டிருக்க, அவள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அவள். ஊரில் யார் யாரோ பேசிக்கொள்ள இணைப்புக் கொடுத்த காலத்தில்கூட இவ்வளவு ஊமையாக இருந்ததில்லை. ஒருநாள் விடிந்தால் அந்த மருந்து தனக்கே கிடைக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். மறுநாள், கீமோவின்போது நாக்கில் ஒட்டிக்கிடந்த அந்த இரும்புச் சுவை நினைவுக்கு வந்து குமட்டும். இப்படி அலைபாய்வதை யாராவது கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். ஒருவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, பால்கனியில் நின்று அவர் மகனிடம் பேசுவது காதில் விழுந்தது. "உங்கம்மாவே சரின்னு சொல்லிட்டாடா. இனிமே நீ ஒண்ணும் பேசாத."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "நான் எப்பங்க சொன்னேன்? நீங்களா ஒண்ணை முடிவு பண்ணிட்டு என் தலையில கட்டாதீங்க!"

"நேத்து சாயங்காலம் நீதானே ரெங்கா சொன்ன? கட்டில்ல படுத்துக்கிட்டு, என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதியே."

"நேத்து சாயங்காலம் நான் கடைக்குப் போயிருந்தேன்."

பொய் சொன்னால் அவர் பார்வை தரையில் இருக்கும். இப்போது அவளையே பார்த்தது. அதில் பொய் இல்லை. பயம் இருந்தது. தன் மனைவிக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்கிற பயம்.

அன்றிலிருந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவர் குரல் முணுமுணுக்கும், நிற்கும், யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல் இடைவெளி விடும், மறுபடி முணுமுணுக்கும். குழாயை மூடினால் அமைதி. படுக்கையறையில் ஸ்பிரிட் வாடையோடு இப்போது வேறொன்றும் கலந்திருந்தது. நெடுநாள் படுத்த படுக்கையாய்க் கிடந்த உடம்பின் புளித்த வாடை. அவள் விரிப்பை மாற்றினாள். தலையணை உறையை மாற்றினாள். கையை வைத்துப் பார்த்தாள். மெத்தை சூடாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். கொள்ளிடத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. பாலத்தின்மேல் ஒரு ரயில் தடதடத்துப் போய் மறைந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்த இடத்தில், ஏனென்று தெரியாமலே, மனம் தெளிந்தது. வேண்டாம். இருக்கிற வரை வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டு இருக்கலாம். சரியோ தப்போ, இது தன் முடிவு. பல நாளைக்குப் பிறகு மூச்சு வயிறுவரை இறங்கியது. அந்த நிமிடமே ரேஷ்மாவின் செல்லுக்குப் போன் போட்டாள்.

"ரேஷ்மா, நான் ரெங்கநாயகி பேசறேன்மா. எனக்கு அந்த ஆராய்ச்சி வேண்டாம்."



"மன்னிக்கணும். நீங்க யார் பேசறீங்க?"

"ரெங்கநாயகிம்மா. ஸ்ரீரங்கம்."

"ரெங்கநாயகி மேடம் இப்ப ஆபீஸ் லைன்ல என்கூடப் பேசிட்டிருக்காங்க." ரேஷ்மாவின் குரல் தணிந்தது. "குரல்கூட அதேதான். நீங்க யாருங்க?"

போனுக்குள், ரேஷ்மாவுக்கும் பின்னால், சன்னமாக இன்னொரு குரல் கேட்டது. தொண்டை வறண்ட பெண்குரல். அதற்கும் பின்னால் நல்லதம்பியின் இருமல்.

துணி கையிலிருந்து விழுந்தது. படியில் இறங்கினாள். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி இறங்கினாள்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. வாடை கூடம்வரை வந்திருந்தது.

படுக்கையறையில் பேச்சு.

நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

நாற்காலியில் அவர். கட்டிலில் ஒருத்தி. ரெங்கநாயகியின் நீல நைட்டி. காதில் அவருடைய போன். எலும்போடு ஒட்டிய கன்னம். முடியில்லாத தலை. அவளுடைய முகம்.

இமைக்காத கண்கள் மெல்லத் திரும்பி, வாசலில் நின்றவளைக் கண்டன. அங்கேயே நின்றன.

"என்னங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

"என்னங்க" என்றது கட்டிலில் கிடந்தது.

"சொல்லு ரெங்கா." நல்லதம்பி குனிந்தார். அவர் வாசலைப் பார்க்கவில்லை.

வேண்டாம். எனக்கு வேண்டாம். அவள் கத்தினாள். முழு பலத்தோடு கத்தினாள். அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றது கட்டிலில் கிடந்தது.

அவர் கண் கலங்கி, அந்தக் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"சரி. சரி. சரி" என்றது அது மறுபடியும்.

அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இறுக்கிப் பொத்தினாள். பல் உதட்டில் பதிந்து ரத்தம் கரித்தது. கட்டிலில் கிடந்தது அவளையே பார்த்தபடி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அது சொல்லும் ஒவ்வொரு முறையும், உள்ளங்கைக்கு அடியில், அவள் அசைக்காமலே, அவளுடைய உதடுகள் அந்தச் சொல்லுக்கு ஏற்ப விரிந்து விரிந்து மூடின.