வெட்டாத மரத்துப் பால்

கத்தி படாத மரத்தில் பால் பிடிக்கும் மங்கு நிறைந்திருந்தது.

அங்கம்மா பால் வாளியைக் கீழே வைத்தாள். ஓடைக்கரையில் நிற்கும் அந்தக் கடைசி ரப்பர் மரத்தில் அவள் பால் வெட்டுவதை விட்டு ஒரு மாதம் ஆகிறது. அதற்கும் பக்கத்து மரத்துக்கும் நடுவேதான் தூளி கட்டி, மூன்று மாதப் பிள்ளை ராசம்மாவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். யோங் பெங் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை பெற்றவள் எல்லாரும் செய்வதுதான்.

ஒரு மாதத்துக்கு முன், அன்றைக்குப் பிள்ளை வீல் வீலென்று, விட்டு விட்டு அழுதது. ஓடையோரத்து மரத்தவளையும் அப்படித்தான் கத்தும். அதைக் கேட்டு வாளியைப் போட்டுவிட்டு எத்தனையோ தரம் ஓடி வந்திருக்கிறாள். கங்காணியிடம் வசவு வாங்கியதுதான் மிச்சம். அதனால் அன்று, தவளைதான் என்று இன்னும் பத்து மரத்துப் பாலைச் சேர்த்துவிட்டு வந்தாள். மலைப்பக்கம் பெய்த மழையில் ஓடை பெருகி, கரையை அறுத்து, பக்கத்து மரத்தைச் சாய்த்திருந்தது. தூளித்துணி கிடைத்தது. பிள்ளை கிடைக்கவே இல்லை. பாழாய்ப் போன மாரில் மட்டும் பால் இன்னும் வற்றவில்லை.

இப்போது காலை பத்து மணிதான். ஆனாலும் மேகம் கவிந்து தோட்டம் அந்திபோல் இருண்டு கிடந்தது. மக்கும் இலையின் வாடையும் புளித்த ரப்பர் பாலின் வாடையும் மூக்கை அடைத்தன. மங்குக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. விட்டு விட்டு.

"என்னா புள்ள, அங்கயே நின்னுட்ட?" அடுத்த நிரையிலிருந்து அவள் புருஷன் அர்ச்சுனன் வந்தான்.

"மங்குல நம்ம புள்ள அழுவுதுங்க."

அவன் எட்டிப் பார்த்தான். விளிம்புவரை வெள்ளை நுரை.

"மரத்தவள நுரை கட்டி முட்ட போட்டிருக்கு. அன்னிக்கு ஒண்ணப் புடிச்சுக் காட்டுனேனே, கையில நாலு வெரலுதான்னு. அதான் உள்ள கெடக்கு. தொட்டுப் பாரு, மனசு தெளியும்." சொல்லும்போதே குரல் உடைந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதுவும் சரிதான். தவளை என்று சொல்லிப் பிள்ளையை விட்டவள், தவளையைத் தொடவா பயப்படுவாள்?

நுரைக்குள் விரலை விட்டாள். குளிரவில்லை. இளஞ்சூடு.

சத்தம் நின்றது.

ஏதோ அவள் விரலைப் பிடித்தது. மெத்தென்று. எண்ணினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"தவளதானே?" என்றான் அர்ச்சுனன், திரும்பாமலே.

ஐந்தாவது விரல் மெல்ல வந்து மூடியது.

ரவிக்கை நனைந்து, தாய்ப்பால் மங்குக்குள் சொட்டியது. பிடி இறுகியது.