ஜீப்புக்கு அடியில் உருண்ட எலுமிச்சம்பழம்

அன்றைக்கு அனுஷா வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

உத்தரவு போட்டது அம்மா கவிதா. காரணம் இல்லாமல் போடவில்லை. போன வருஷம் மாடு வாங்கப் போன இடத்தில், வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டும் நேரம் பார்த்து, "இந்த மாடு ஒதைக்குமா?" என்று கேட்டுவிட்டாள் அனுஷா. மாட்டுக்காரர் முகம் சுருங்கிப் போனது. வாங்கி வந்த மாடு நன்றாகவே உதைத்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? அனுஷா வாய் வைத்ததால்தான் மாடு உதைக்கிறதாம்.

"இன்னிக்கு நைனா ஜீப்பு வாங்கப் போறாரு. நல்ல காரியம்," என்றார் அம்மா, அவளுக்குச் சடை பின்னிக்கொண்டே. "வேணாம், ஒடஞ்சிப் போச்சி, இந்த மாதிரி ஒரு வார்த்தை உன் வாயில இருந்து வரக் கூடாது. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது."

"இன்னா புரிஞ்சிது, சொல்லு?"

அனுஷா சொல்லவில்லை. இரண்டு உதடுகளையும் விரலால் பிடித்துக் காட்டினாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜீப் ஒன்றும் ஊர் சுற்றுவதற்கு இல்லை. செஞ்சியிலிருந்து தொண்டூர் போகும் வழியில், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் எட்டு வீடுகள். அதில் ஒன்று அனுஷாவின் வீடு. தார் ரோட்டிலிருந்து அங்கே வருவதற்கு ஒரே ஒரு பாதைதான். அதைப் பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பாதி கல், மீதி பள்ளம், நடுவில் ஓர் ஓடை. மழை பிடித்தால் ஆட்டோ வராது, பைக் வராது, தபால்காரரும் வரமாட்டார்.

போன ஐப்பசியில் பதினோரு நாள் அந்த எட்டு வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை. முதல் இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாம் நாள் சலித்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்த்தால், வகுப்பில் பின்னம் முடிந்து தசமம் ஓடிக்கொண்டிருந்தது. அனுஷாவுக்குப் பின்னமும் புரியவில்லை, தசமமும் புரியவில்லை.

அதனால்தான் அவள் நைனா, அதாவது அப்பா இளமாறன், ஜீப் தேடினார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப். காலையில் கத்தரிக்காய் மூட்டைகள் முன்னால், ஆறு பிள்ளைகள் பின்னால். அம்மாவின் சீட்டுப் பணம் முழுவதும் இதற்குத்தான். இந்த வண்டி சரியில்லை என்றால் இன்னொன்று வாங்க வழி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு தகரக் கொட்டகையின் முன்னால் ஜீப் நின்றது. பச்சை நிறம். கழுவித் துடைத்து, நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்து, முன்னால் சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். பார்ப்பதற்குக் கல்யாண மாப்பிள்ளைபோல இருந்தது.

ஜீப்பின் சொந்தக்காரர் தனகோட்டி சிரித்துக்கொண்டே வரவேற்றார். அவருடைய மகன் ஆதவனுக்கு ஐந்து வயது. ஓடிவந்து அனுஷாவின் கையைப் பிடித்தான்.

"இது எங்க ஜீப்பு. இதுக்கு மூணு ஹாரன் இருக்குது," என்றான்.

ஒரே ஹாரன்தான் இருந்தது. ஆனால் அதை அவன் மூன்று முறை அடித்துக் காட்டினான்.

ஜீப்பைச் சோதிப்பதற்கு நைனா தன் நண்பர் காமராஜைக் கூட்டி வந்திருந்தார். வண்டி விஷயத்தில் காமராஜ் மாமா பெரிய ஆள். அப்படி அவரே சொல்லுவார். பேனட்டைத் திறந்து பார்த்தார், மூடினார். சீட்டை அமுக்கினார். டயரை உதைத்தார். கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினார். நைனா தார் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி வந்தார்.

"இளமாறா, கண்ணை மூடிகினு வாங்கு. தங்கம் மாதிரி வண்டி," என்றார் காமராஜ் மாமா. "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துடு."

மாமா சட்டைப் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து அனுஷாவிடம் கொடுத்தார்.

"பாப்பா, சக்கரத்துக்கு ஒண்ணு வெச்சிடு. அட்வான்ஸ் குடுத்ததும் வண்டிய ஏத்தி நசுக்கிடலாம்."

அனுஷா வைத்தாள். மூன்று பழங்கள் சொன்ன இடத்தில் இருந்தன. நான்காவதுக்கு அப்படி இருக்க விருப்பமில்லை. அந்த இடம் கொஞ்சம் சரிவு. பழம் மெதுவாக உருண்டு ஜீப்புக்கு அடியில் போய்விட்டது.

அனுஷா படுத்து ஊர்ந்து உள்ளே போனாள்.

ஜீப்பின் அடியில் வேறு ஒரு வாசனை அடித்தது. பெயின்ட் வாசனை. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடின. மொத்த ஜீப்பும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் அதைச் சேசிஸ் என்பார்கள். அது முழுவதும் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். மேலே இருந்த பச்சைப் பெயின்ட் பழசு, அடியில் மட்டும் எதற்குப் புதுசு?

எலுமிச்சம்பழத்தை எடுக்கும்போது அவள் தோள் சட்டத்தில் உரசியது. பொருக்குப் பொருக்காக ஏதோ உதிர்ந்தது. மேல் பக்கம் கறுப்பு, உள் பக்கம் காவி நிறம்.

அனுஷாவுக்கு அம்மா பானை வாங்கும் விதம் ஞாபகம் வந்தது. பொங்கலுக்குப் பானை வாங்கும்போது அம்மா அழகையெல்லாம் பார்க்கமாட்டார். விரலை மடக்கித் தட்டுவார். கணீர் என்றால் பையில் போடுவார். இல்லையென்றால் கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் தொடமாட்டார்.

பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. அனுஷா முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள்.

டங். டங். டங்.

பின் சீட்டுக்கு நேர் கீழே வந்தபோது சத்தம் மாறியது.

பொத்.

இன்னொரு தடவை தட்டினாள். பொத். கட்டை விரலை வைத்து அழுத்தினாள். அப்பளம்போல் இரும்பு நொறுங்கி விரல் உள்ளே போய்விட்டது.

விரலை வெளியே இழுத்தாள். இந்த இடத்துக்கு மேலேதானே ஆறு பேரும் உட்காரப் போகிறார்கள்? ஓடைக் கல்லில் ஜீப் ஒரு குதி குதித்தால் என்ன ஆகும்?

வெளியே வந்தாள். நைனா சட்டைப் பையில் கை விட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது. தட்டிலிருந்த வாழைப்பழங்களில் ஒன்றை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய், கொட்டகைக் கூரையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தது. அதற்கு ராகு காலம் எல்லாம் கிடையாது.

"நைனா..." என்றாள் அனுஷா.

"பாப்பா, நல்ல நேரத்துல பேசாத," என்றார் காமராஜ் மாமா.

அனுஷா தவித்துப்போனாள். ஓட்டை என்று சொன்னால் அபசகுனம் என்பார்கள். துரு என்று சொன்னாலும் அதேதான். அதோடு, ஆதவன் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் அவன் அப்பாவை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அந்தப் புதுப் பெயின்ட்? அடித்தவருக்கு அடியில் இருந்தது தெரியாமலா இருக்கும்?

யோசித்தாள். பிறகு, அபசகுன வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"தனகோட்டி மாமா, எங்க வீட்டுப் பாதை கல்லும் பள்ளமுமா இருக்கும். ஒரு தடவை அதுல ஓட்டிக் காட்டுறீங்களா?"

"அதுக்கு இன்னா பாப்பா, போலாமே," என்றார் தனகோட்டி.

"ஆதவனும் வரட்டும் மாமா. பின் சீட்டுல உக்காந்துக்கட்டும். நாங்க ஆறு பேரும் தினமும் அங்கதான் உக்காரப் போறோம்."

'சரி' என்று மட்டும் அவர் சொல்லிவிட்டால், உள்ளதை உடைத்துச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அனுஷா முடிவு செய்திருந்தாள். பத்து மாடு உதைத்தாலும் பரவாயில்லை.

ஆதவன் ஒரே ஓட்டமாகப் போய்ப் பின்பக்கம் ஏறினான்.

"எறங்கு," என்றார் தனகோட்டி. அவருடைய சிரிப்பு காணாமல் போயிருந்தது. "அவன் வேணாம். சின்னப் பையன். அவன் எதுக்கு?"

"எங்க வீட்டுப் பக்கம் இருக்குற பூவரசிக்கு நாலரை வயசுதான் மாமா," என்றாள் அனுஷா. "அவளும் அங்கதான் உக்காருவா."

கூரைமேல் குரங்கு தோலைப் போட்ட சத்தம் கேட்டது.

நைனா பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். கை காலியாக இருந்தது.

"ஏன் தனகோட்டி, உம் புள்ள உக்கார வேணாம்னா எம் புள்ள மட்டும் உக்காரலாமா?" என்று அமைதியாகக் கேட்டார்.

தனகோட்டி ஜீப்பிலிருந்து மகனைத் தூக்கி இறக்கினார். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் முன்னாடி மரக்காணத்துல வாங்கினேன்," என்றார். "உப்பளத்துல ஓடின வண்டியாம். எனக்குத் தெரியாது. நானும் மேல பாத்துட்டுதான் வாங்கினேன். உப்பு அடியெல்லாம் தின்னுடுச்சி. இன்னா பண்றதுன்னு தெரியல. பெயின்ட் அடிச்சி தள்ளிடலாம்னு... தப்புதான்யா. மன்னிச்சிடு."

நைனா படுத்து அடியில் போய்ப் பார்த்தார். அனுஷா கல்லைக் கொடுத்தாள். டங், டங், பொத். வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. காமராஜ் மாமாவும் பார்க்கவேண்டும் என்று உள்ளே போனார். பாதி போனதும் தொப்பை மாட்டிக்கொண்டது. நைனாவும் தனகோட்டியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்து முடிப்பதற்குள் மணி நாலரை தாண்டிவிட்டது.

"போச்சி, ராகு காலம் வந்துடுச்சி," என்றார் மாமா, மண்ணைத் தட்டிக்கொண்டே.

"வரட்டும். நாலரைக்கு முன்னாடி வாங்கியிருந்தாதான் போச்சி," என்றார் நைனா.

திரும்பிப் போகும் நேரத்தில் அனுஷா தனகோட்டியிடம் வந்தாள்.

"மாமா, இதை இப்படியே வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கும்."

தனகோட்டி அவளையே பார்த்தார். "குடுக்க மாட்டேன் பாப்பா," என்றார்.

பிறகு நைனாவைக் கூப்பிட்டார். "திண்டிவனம் ரோட்டுல ஆனந்தராஜ்னு ஒரு வெல்டர் இருக்காரு. கெட்டுப் போனதை வெட்டி எடுத்துட்டு புது இரும்பு வெச்சித் தருவாரு. என் செலவுல செஞ்சிடுறேன். அப்புறம் வந்து பாருங்க. புடிச்சிருந்தா அதே வெலைக்கு எடுத்துக்குங்க."

"நான் பாக்கல. எம் பொண்ணு வந்து பாக்கட்டும்," என்றார் நைனா.

வீட்டுக்குப் போனதும் நைனா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அம்மா அனுஷாவின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பானை தட்டுறத எப்படி ஞாபகம் வெச்சிருந்த?" என்று கேட்டார்.

அனுஷா விரலால் உதடுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்டி. உத்தரவு முடிஞ்சிது," என்றார் அம்மா. அதற்குப் பிறகு அன்று இரவு தூங்கும்வரை அனுஷா வாயை மூடவே இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தனகோட்டி போன் செய்தார். இந்த முறை ஜீப்புக்கு மாலை கிடையாது, சந்தனம் கிடையாது. வெல்டர் ஆனந்தராஜ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அனுஷா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கல்லோடு உள்ளே போனாள். வலது சட்டம், இடது சட்டம், குறுக்குச் சட்டம், எல்லாவற்றையும் ஒரு சாண் விடாமல் தட்டினாள்.

வெளியே நின்ற நான்கு பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

டங். டங். டங். டங். கடைசி வரைக்கும் டங்தான்.

"பரிட்சை பேப்பர் திருத்தற டீச்சர்கூட இவ்ளோ நேரம் எடுக்க மாட்டாங்க," என்றார் ஆனந்தராஜ். ஆனால் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

காமராஜ் மாமா நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தார். இந்த முறை அவரே வைத்தார். உருண்டு ஓடாமல் இருக்கப் பழத்துக்கு ஒரு சின்னக் கல் முட்டுக் கொடுத்தார்.

நைனா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். அனுஷா பின்னால் ஏறினாள்.

"வீடு வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாம். அந்தக் கல்லுப் பாதையிலயே," என்றார் நைனா.

தனகோட்டி குனிந்து ஆதவனைத் தூக்கினார். பின் சீட்டில், அனுஷாவுக்குப் பக்கத்தில், அவனை உட்கார வைத்தார்.