அரை டிக்கெட்டுக்கு நிற்காத பஸ்

மாடம்பாக்கம் கோயில் நிறுத்தத்தில் ஒரு பலகை இருக்கிறது. பஸ் இங்கே நிற்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அது பொய்.

பலகைக்குக் கீழே பள்ளிப் பிள்ளைகள் நிற்பதைக் கண்டால், பச்சைப் பஸ்ஸின் டிரைவர் குப்புராஜ் வேகத்தைக் கூட்டுவார். புளியமரத்தைத் தாண்டிப் போய்த்தான் பிரேக்கை மிதிப்பார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாதிப் பேர் ஏறும்போதே வண்டி நகர்ந்துவிடும்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அது தனியார் பஸ். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். வசூல் கூடினால்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பேட்டா கூடும்.

அதே பஸ் அடுத்த நிறுத்தமான ரேஷன் கடை முனையில் ஆற அமர நிற்கும். கண்டக்டர் துளசிங்கம் இறங்கி நின்று, "தாம்பரம், தாம்பரம்" என்று கூவுவார். ஆபீஸ் போகிறவர் யாராவது தெருக்கோடியில் தெரிந்தால், அவர் வந்து சேரும்வரை காத்திருப்பார். அவர் முழு டிக்கெட்.

இதை நினைத்தாலே தபீதாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஆறாம் வகுப்பு. அவளால் ஓடிப்போய் ஏற முடியும். பக்கத்து வீட்டு சவுரிமுத்துவால் முடியாது. சின்ன வயதில் போலியோ வந்ததால், அவன் இடது காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டிருந்தான். நன்றாகவே நடப்பான். ஓடத்தான் வராது.

பஸ் போனதும் அவன் ரேஷன் கடை முனைக்கு நடப்பான். அங்கேதான் அது நிற்கிறதே. ஆனால் அவன் கிட்டே வரும் நேரம் பார்த்து குப்புராஜ் கியரைப் போட்டுவிடுவார். அடுத்த பஸ்ஸில் போனால் பள்ளிக்கூடத்தில் கேட்டைச் சாத்தியிருப்பார்கள்.

"நான் பஸ்ல பேசப்போறேன்," என்றாள் தபீதாள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவள் இரண்டாம் பரிசு வாங்கியவள்.

மறுநாள் ரேஷன் கடை முனையில் பஸ் கிளம்பியதும், அவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினாள்.

"பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, ஓட்டுநர் அவர்களே, நடத்துநர் அவர்களே, இடப்பக்கம் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதரிகளே, வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஆருயிர்ச் சகோதரர்களே..."

பேச்சென்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வணக்கம் சொல்லி முடித்து, பேச வாய்ப்பளித்ததற்கு நன்றி சொல்லி, தமிழின் பெருமையையும் கொஞ்சம் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது தாம்பரம் வந்துவிட்டது.

"நல்லா பேசற பாப்பா. எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டு ஒருவர் இறங்கிப் போனார்.

சவுரிமுத்து என்ற பெயரையே அவள் சொல்லவில்லை.

அன்றைக்கும் அவன் தாமதமாகத்தான் வந்தான். தலைமை ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு, "இன்னொரு நாள் லேட்டா வந்தா, அப்பாவைக் கூட்டிட்டு வந்து டி.சி. வாங்கிக்கிட்டுப் போ," என்று சொல்லிவிட்டார். பஸ் ஏன் நிற்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் சவுரிமுத்து சொன்னான். "டி.சி. குடுத்தா வாட்ச் கடையில வேலைக்குச் சேர்த்துடுவேன்னு அப்பா சொல்றாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு மணி பார்க்கத் தெரியாது, தெரிஞ்சா ஏன் தினம் லேட்டாப் போறேன்னு சொன்னேன். அடிக்க வந்தாரு."

தபீதாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் பஸ்ல எவ்ளோ பேசினேன் தெரியுமா? யாரும் கேட்கலை."

"அதுல நான் எங்க வந்தேன்?"

"கடைசியில வர்றதா இருந்த."

"கடைசி வரைக்கும் யாரு கேட்பா? நானே கேட்டிருக்க மாட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

அடுத்த நாள் காலையும் பஸ் புளியமரத்தைத் தாண்டித்தான் நின்றது. "ஓடு, நீயாவது போ," என்றான் சவுரிமுத்து. அவள் ஓடி ஏறினாள்.

ரேஷன் கடை முனையில் பஸ் வழக்கம்போல நின்றது. தபீதாள் இந்த முறை முன்னால் போகவில்லை. வண்டியின் நடுவில், மீன்காரி கங்கம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். கோவளத்து மீனைத் தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவர் அவர். அவர் கூடையைக் கண்டாலும் குப்புராஜ் முகத்தைச் சுளிப்பார்.

"கங்கம்மாக்கா, இந்த ரோட்டுல தினம் காலையில ஒரு பந்தயம் நடக்குது, தெரியுமா?"

எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்.

"இன்னா பந்தயம்?"

"ஒரு பையனுக்கும் ஒரு இஞ்சினுக்கும். இஞ்சினுக்கு ஆறு சக்கரம். பையனுக்கு ஒரு கால்தான் சொந்தம். இன்னொண்ணு இரும்பு."

"அய்ய, அது எப்டி நாயமாவும்?"

"நியாயம் இல்லைதான். அது மட்டும் இல்லக்கா. இஞ்சின் முன்னாடி போய் நின்னுக்கும். பையன் நடந்து நடந்து வருவான். கை நீட்டினா தொட்டுடலாம்னு வரும்போது, புகையை அவன் மூஞ்சியில விட்டுட்டுக் கிளம்பிடும்."

முன்சீட்டில் ஒருவர் செய்தித்தாளை மடித்தார். தபீதாள் குரலைத் தாழ்த்தினாள். பின்சீட்டில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். வாசலில் நின்ற துளசிங்கம் தாம்பரம் என்று கூவுவதை மறந்துபோனார்.

"தினமும் இஞ்சின்தான் ஜெயிக்குது. இன்னைக்கும் ஜெயிச்சா, அந்தப் பையனோட படிப்பு அவ்ளோதான். பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க."

"அட பாவமே. அப்பால?" என்றார் கங்கம்மா. "கெலிச்சானா, இல்லியா?"

"எனக்குத் தெரியாதுக்கா. அவன் இன்னும் வந்துகிட்டேதான் இருக்கான். பின்னாடி கண்ணாடியில பாருங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சவுரிமுத்து சாலையோரமாக வந்துகொண்டிருந்தான். பை ஒரு பக்கம் ஆட, பூட்ஸைத் தூக்கித் தூக்கி வைத்து, தலையைக் குனிந்தபடி வந்தான்.

இஞ்சின் உறுமியது. குப்புராஜும் அவனைப் பார்த்துவிட்டார்.

"தே, குப்புராஜ்," என்று எழுந்தார் கங்கம்மா. "வண்டி நவுந்துது, கூடையோட உன் தலையில கவுத்துடுவேன்."

"டயம் ஆவுது. ஆஃப் டிக்கெட்டுக்கெல்லாம் காத்துகினு கெடந்தா பேட்டா யார் குடுப்பா?"

"இவ்வளவு நேரம் எங்களுக்காக நின்னீங்களே, அப்ப டைம் ஆகலையா?" என்றார் செய்தித்தாள்காரர்.

"அந்தப் பொண்ணு கதை வுடுது சார். அதைக் கேட்டுகினு..."

"கதைன்னா அவன் எப்படிண்ணா நடந்து வர்றான்?" என்றாள் தபீதாள். "தினமும் கண்ணாடியில அவனைப் பார்க்கறீங்க. பார்த்ததும்தானே கியர் போடறீங்க?"

இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. வண்டி நகரவில்லை.

சவுரிமுத்து மூச்சிரைக்க ஏறினான். மொத்த வண்டியும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, கால்சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது சரியாகத்தான் இருந்தது.

"ஒக்காரு ராசா," என்று கங்கம்மா கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார். "கெலிச்சுட்டே."

"எதுல?"

விஷயத்தைத் தபீதாள் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. "இரும்புக் காலா? பட்டைதானே இருக்கு."

"கதைன்னா கொஞ்சம் அப்படித்தான்."

"அப்ப இன்னும் ரெண்டு இஞ்சின் சேர்த்திருக்கலாம்."

அன்றைக்கு மணி அடிப்பதற்கு முன்பே அவன் வகுப்பில் இருந்தான்.

மறுநாள் காலை பச்சைப் பஸ் வழக்கமான வேகத்தில்தான் வந்தது. பலகையை நெருங்கியபோது, உள்ளே இருந்தவர்கள் தகரத்தைத் தடதடவென்று தட்டினார்கள். கங்கம்மாவின் குரல் சாலை வரை கேட்டது. பிரேக் கிறீச்சிட்டது. படிக்கட்டு நேராகப் பலகைக்கு முன்னால் வந்து நின்றது.

குப்புராஜ் யாரையும் பார்க்காமல் சாலையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

சவுரிமுத்து கம்பியைப் பிடித்து, வலது காலை வைத்து, பூட்ஸைத் தூக்கி வைத்து, நிதானமாக ஏறினான்.

"தொர ஒக்காந்தாச்சா? போலாமா?" என்றார் துளசிங்கம்.

"ஒரு நிமிஷம்ணா," என்று சவுரிமுத்து பையை மடியில் வைத்துக்கொண்டான். ஜன்னல் தகரத்தை மேலே தள்ளிவிட்டான். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"ம், போகலாம்," என்றான்.