பெரிய டீச்சர் உரையில் விழுந்த ஓட்டைகள்

பெரிய டீச்சர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆறே வகுப்புகள் உள்ள அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஓடுவதெல்லாம் மற்றவர்கள் வேலை. தலைமையாசிரியையான அவர் நடந்தாலே போதும், வராந்தா காலியாகிவிடும். அப்பேர்ப்பட்டவர் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூச்சிரைக்க நூலக அறைக்குள் ஓடிவந்து நின்றார். அங்கே உட்கார்ந்து விசிலைத் துடைத்துக்கொண்டிருந்த உடற்கல்வி ஆசிரியர் பதறியடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில், தலைக்கு இரண்டு அளவு பெரிதான அவருடைய பச்சைத் தொப்பி சரிந்தது. பிடித்து மறுபடி வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு விசில் சார் என்றே பெயர்.

நூலகத்தம்மா எழவில்லை. கையிலிருந்த புத்தகத்தில் அடையாளத் தாளை வைத்து மூடினார். "முதல்ல உக்காருங்க டீச்சர். தண்ணி குடிங்க" என்றார்.

"தண்ணியாவது ஒண்ணாவது! என் உரையைக் கத்தரிச்சுப் போட்டிருக்கான் அந்தப் படுபாவி!"

விசில் சாரின் காதுகள் விடைத்துக்கொண்டன. போன வருடம் காணாமல்போன பள்ளிக்கூட மணியை நூலகத்தம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, இன்னொரு துப்பறியும் வேலை வராதா என்று மனிதர் தவம் கிடந்தார். அறிவியல் அலமாரியிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடி ஒன்று எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அதைத் திருப்பித் தரச் சொல்லி அறிவியல் டீச்சர் கேட்டு அலுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். வருடக் கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கதவளவு வெள்ளை அட்டையில், அந்த வருடம் ஒவ்வொரு வகுப்பும் என்னென்ன செய்தது என்று எழுதி ஒட்டி, கூடத்து வாசலில் மாட்டுவார்கள். அன்று பதினோரு மணிக்குத் தாளாளரும் பெற்றோரும் அதைப் பார்க்க வருகிறார்கள். ஒட்டும் பொறுப்பு ஓவிய ஆசிரியருக்கு. பெரிய டீச்சரின் உரை மட்டும் நட்டநடுவில், நீலத்தாளில், நாற்பது வரி.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடத்துல வச்சே அந்த டிராயிங் சார் என்கிட்ட சண்டை" என்றார் பெரிய டீச்சர். "உங்க உரைக்கு நாப்பது வரி, நாலாம் வகுப்பு நத்தை வளர்த்ததுக்கு மூணு வரியா, அதைக் கத்தரிச்சாத்தான் பிள்ளைங்களுக்கு இடம் வரும்னு கத்திட்டுப் போனான். விசில் சாரும் அப்ப அங்கதான் தோரணம் கட்டிக்கிட்டிருந்தார், கேட்டுப் பாருங்க!"

விசில் சார் சங்கடத்தோடு தலையாட்டினார். கத்தியது உண்மைதான்.

"அவன் போனப்புறம் நானே உரையை ஒட்டி, ஈரத்துணி போட்டு மூடி, கூடத்தைப் பூட்டினேன். சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட. காலையில எட்டு மணிக்குத் திறந்து வச்சுட்டு ஆபீசுக்குப் போனேன். இப்ப வந்து துணியை எடுத்தா நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு!"

"நடுவுல யாரும் உள்ள போகலையா?"

"நான் போனேன் அக்கா" என்றார் விசில் சார். "தொப்பியை வெள்ளிக்கிழமை அந்த மேசை மேலயே மறந்து வச்சுட்டேன். எட்டு மணிக்கு எடுத்து மாட்டிட்டு வந்துட்டேன். துணி ஈரம் பட்டுக் கொஞ்சம் நசநசன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

"அப்புறம் நாலாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு நத்தைக்குத் தீனி போடப் போச்சு. அது பூச்சி மாதிரி இருக்கும், அதா செய்யும்?" பெரிய டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்கு அடுத்த வருஷத்து வேலை ஆர்டர் என் மேசையில இருக்கு. பதினோரு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுத் தாளாளர்கிட்ட கொடுக்கணும். போடமாட்டேன். கிழிச்சுப் போடப்போறேன்!"

விசில் சாருக்கு நண்பனை நினைத்துக் கவலையாயிற்று. ஓவிய ஆசிரியர் தற்காலிகப் பணியாளர். மனைவிக்கு ஏழாம் மாதம். இந்த ஆர்டரை நம்பித்தான் போன வாரம் புது வீடு பார்த்திருந்தார். பாவம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"கிழிக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு" என்று எழுந்தார் நூலகத்தம்மா. "அதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடுவோம்."

கூடம் கலகலவென்று இருந்தது. தலைக்கு மேல் காகிதத் தோரணங்கள், சுவரோரம் ஒவ்வொரு வகுப்பும் கொண்டுவந்து வைத்த பொருட்கள். மூன்றாம் வகுப்பின் களிமண் பாலம், ஐந்தாம் வகுப்பின் காற்றாடி, அதற்குப் பக்கத்தில் கறுப்புத்துணி போட்டு மூடிய பெட்டி ஒன்று. நடுவில் நீள மேசை. மேசைமேல் அட்டை. கீழே சுருட்டி வைத்த ஈரத்துணி, அதன்மேல் இரண்டு தடித்த அகராதிகள்.

விசில் சார் பூதக்கண்ணாடியோடு அட்டையின் மேல் கவிழ்ந்தார். உரையைப் பார்த்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி அடக்கினார். நீலத்தாள் கந்தலாகிக் கிடந்தது. ஆனால் முதல் வரியில் ஒரு சொல் போக மற்றதெல்லாம் பிழைத்திருந்தது: 'தலைமையாசிரியையாகிய நான் இந்த ஆண்டு முழுவதும் (இங்கே ஓட்டை) ஒன்றும் செய்யவில்லை.'

"ஓட்டையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் நூலகத்தம்மா.

"தற்பெருமைக்காக" என்றார் பெரிய டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு. "தற்பெருமைக்காக ஒன்றும் செய்யவில்லைன்னு எழுதியிருந்தேன். பாருங்க, அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து எடுத்திருக்கான்! எவ்வளவு வக்கிர புத்தி!"

விசில் சார் தரையில் மண்டியிட்டுத் தேடினார். கத்தரித்த துண்டு ஒன்றுகூட இல்லை. "துண்டையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போயிருக்கான் அக்கா. பலே திருடன்!" மேசைக் காலைத் தடவினார். "இங்க ஜிகினா ஒட்டியிருக்கு, பளபளன்னு. டிராயிங் சார் கையில எப்பவும் ஜிகினா இருக்கும்!" சொன்ன பிறகுதான் தன் நண்பனுக்கே குழி பறிக்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நூலகத்தம்மா ஓட்டை ஒன்றில் விரலை வைத்துத் தடவினார். பிறகு ஓவிய ஆசிரியர் ஒட்டிய மற்றச் செய்திகளைத் தடவினார். அவற்றில் ஒரு கீறல் இல்லை.

"இதெல்லாம் எதால ஒட்டினது?"

"அவன் டியூப் கோந்துல ஒட்டினான். நான் அதைத் தொடமாட்டேன். எங்க அப்பா காலத்துலேர்ந்து கோதுமை மாவுப் பசைதான். நானே காய்ச்சி, நல்லா மெத்துமெத்துன்னு பூசினேன். காயறதுக்குள்ள சுருங்கிடக் கூடாதுன்னுதான் ஈரத்துணி, மேல கனம்."

"கனத்துக்கு இந்த அகராதிகளா?" நூலகத்தம்மா ஒன்றைத் தூக்கித் திருப்பினார். அடி அட்டையில் ஈரமண் கறை. கறைக்குள் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கம்பிவலையின் அச்சு. அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "இது ரெண்டையும் நாலாம் வகுப்பு ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வாங்கிட்டுப் போச்சு. இந்தப் பள்ளிக்கூடத்துலயும் அகராதி படிக்கிற பிள்ளைங்க இருக்குன்னு நான் வீட்டுல போய்ச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். எங்கேர்ந்து எடுத்தீங்க டீச்சர்?"

"இங்கதான் எங்கயோ கிடந்துச்சு. இப்ப அதுவா முக்கியம்?"

நூலகத்தம்மா கறுப்புத்துணியை விலக்கினார். உள்ளே கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி. ஈரமண்ணிலும் முட்டைக்கோஸ் இலையிலும் நத்தைகள் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. மூடி சரியாக மூடியிருந்தது.

"ஒருவேளை நத்தையோன்னு நினைச்சேன்" என்று விசில் சார் பெருமூச்சு விட்டார். "எல்லாம் உள்ளதான் இருக்கு. நம்ம ஆளு கதை முடிஞ்சுது அக்கா." தலைக்குள் என்னவோ குறுகுறுத்தது. கவலை வந்தால் அவருக்கு அப்படித்தான்.

நூலகத்தம்மா தொட்டியருகே தொங்கிய நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. "தம்பி, டிராயிங் சாரைக் கூட்டிட்டு வாங்க. நத்தை லீடரையும்."

ஓவிய ஆசிரியர் முகம் வெளிறி வந்தார். "டீச்சர், சத்தியமா நான் தொடலை. கத்தினது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா வேலைன்னு வந்தா நான்..." அவருக்குப் பின்னால் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். நாலாம் வகுப்பு நத்தை லீடர். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, உலகமே இடிந்து விழுந்ததுபோல் இருந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சு. நான் சொல்றது தப்புன்னா குறுக்க பேசலாம்" என்று ஆரம்பித்தார் நூலகத்தம்மா. "கத்தரியால வெட்டியிருந்தா அடியில இருக்கிற வெள்ளை அட்டையிலயும் கீறல் விழுந்திருக்கும். ஒரு கீறல் இல்லை. மேல இருக்கிற நீலத்தாளை மட்டும் யாரோ சுரண்டி எடுத்திருக்காங்க. அதுவும் மாவுப்பசை போட்ட தாளை மட்டும். துண்டு ஒண்ணுகூட மிஞ்சலை. ஏன்னா அதை எடுத்தவங்க பொறுக்கிட்டுப் போகலை, தின்னுட்டாங்க."

"தின்னுட்டாங்களா! என் உரையையா?"

"ஆமா. தம்பி ஜிகினான்னு சொன்னாரே, அது நத்தை ஊர்ந்து காய்ஞ்ச தடம்."

விசில் சார் விரலை மோந்து பார்த்துவிட்டுக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. "தொட்டி மூடியிருக்கே அக்கா!"

"இப்ப மூடியிருக்கு. அந்த மூடிக்குக் கொக்கி கிடையாது. நாலாம் வகுப்பு என் அகராதி ரெண்டையும் மேல வச்சுத்தான் நத்தைங்களை அடக்கி வச்சிருந்துச்சு. வெள்ளிக்கிழமை அதை யாரோ எடுத்துட்டாங்க. கூடத்துக்குக் கொண்டுவந்தப்ப கறுப்புத்துணி போட்டு, அதுக்கு மேல அகராதியை வச்சிருந்ததால அடியில என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியலை. நத்தைங்க மூடியை நெட்டிட்டு வெளிய வந்துச்சு. நாலடி தள்ளி மேசை. ஈரத்துணி, இருட்டு, மெத்துமெத்துன்னு மாவுப்பசை. சனி, ஞாயிறு ரெண்டு நாள் விருந்து."

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. பெரிய டீச்சர் அகராதிகளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பிறகு தோரணத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்ப இதுங்களைத் திரும்பி உள்ள விட்டது யாரு?" என்றார் விசில் சார்.

நத்தை லீடர் ஓவென்று அழ ஆரம்பித்தாள். "நான்தான் மிஸ்! காலையில வந்தப்ப மூடி திறந்திருந்துச்சு. எல்லாம் துணிக்கடியில இருந்துச்சு. பெரிய டீச்சர் பார்த்தா தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்கன்னு பொறுக்கி உள்ள விட்டுட்டேன். ஆனா நோட்டுல பொய் எழுதலை மிஸ்!"

"எழுதலைம்மா. வெள்ளிக்கிழமை இருபத்தேழு நத்தை, இன்னிக்கு இருபத்தாறு. உன் நோட்டுல இருக்கே." நூலகத்தம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் பெரிய டீச்சர். குரல் இறங்கியிருந்தது, வீராப்பு இறங்கவில்லை. "என் உரையைத்தான் தின்னுச்சுன்னு என்ன சாட்சி?"

"தொட்டிக்குள்ள பாருங்க. எச்சம் நீலமா இருக்கு. முட்டைக்கோஸ் தின்னா அந்த நிறம் வராது டீச்சர். உங்க உரை ஒண்ணுதான் இங்க நீலம்." விசில் சார் பக்கம் திரும்பினார். "அது போதாதுன்னா இன்னொரு சாட்சியும் இருக்கு. வெள்ளிக்கிழமையிலேர்ந்து இந்த மேசை மேலயே இருந்த ஆள். தம்பி, மெதுவா அந்தத் தொப்பியைக் கழட்டுங்க. ரொம்ப மெதுவா."

விசில் சார் சிலையாகிவிட்டார். காலையிலிருந்து தலைக்குள் குறுகுறுத்தது கவலை இல்லை என்பது இப்போதுதான் புரிந்தது. இரண்டு கையாலும் தொப்பியை எடுத்தார். அதன் உச்சியில், உள்பக்கமாக, புளியங்கொட்டை அளவில் ஓடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நூல்போல் கொஞ்சம் நீல எச்சம்.

"இருபத்தேழு!" என்று துள்ளினாள் நத்தை லீடர். அழுகை போன இடம் தெரியவில்லை.

"அக்கா, இது என் தலையில இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நோட்டைப் பார்த்தப்பவே, தம்பி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அப்பவே சொல்லியிருந்தா குதிச்சு நசுக்கியிருப்பீங்க."

விசில் சார் நத்தையை எடுக்கச் சொல்லித் தொப்பியை நத்தை லீடரிடம் நீட்டினார்.

பெரிய டீச்சர் அட்டையின் முன் போய் நின்றார். ஓவிய ஆசிரியர் அவர் பக்கத்தில் வந்தார். "இப்பவே வேற தாள்ல நாப்பது வரியையும் எழுதித் தரேன் டீச்சர். பத்தே முக்காலுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் தயங்கித் தயங்கி.

"ஒண்ணும் வேண்டாம். முதல் வரி இருக்கட்டும். மிச்சக் கந்தலையெல்லாம் உரிச்சு எடு. அந்த இடத்துல நத்தைங்களைப் பத்தி அந்தப் பொண்ணு சொல்றதை எழுது. எத்தனை வரி வந்தாலும் சரி." பிறகு, வேறு எங்கோ பார்த்தபடி, "படுபாவின்னு சொல்லிட்டேன்ப்பா. மனசுல வச்சுக்காதே" என்றார். வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். ஓவிய ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றாக இருக்கிறாள் என்று தலையாட்டினார்.

பதினோரு மணிக்குத் தாளாளர் வந்தார். கையெழுத்துப் போட்ட ஆர்டரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அட்டைக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு நடுவில் இருந்ததை உரக்கப் படித்தார். 'தலைமையாசிரியையாகிய நான் இந்த ஆண்டு முழுவதும்' என்று படித்தவர், ஓட்டையைத் தாண்டி, 'ஒன்றும் செய்யவில்லை' என்றதும் திகைத்து நின்றார். பெற்றோர் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விசில் சார் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"அடியில இன்னொரு வரி இருக்கு, படிங்க சார்" என்றார் பெரிய டீச்சர்.

அது அவருடைய கையெழுத்திலேயே, அப்போதுதான் எழுதி, மை காயாமல் இருந்தது. தாளாளர் குனிந்து படித்தார்: 'எல்லாம் பிள்ளைகள் செய்தது.'

முதலில் கைதட்டியது நத்தை லீடர்.