மூன்று மூட்டு விளக்கு

பிற்பகல் மூன்று மணிக்கு, கருவிப்பையுடன் அந்த வீட்டின் அழைப்புமணியை அழுத்தினாள் விளக்கு வடிவமைப்பாளரான அவள். கதவைத் திறந்தவர், ஆறு மாதங்களுக்கு முன் இறந்துபோன அவளுடைய தோழியின் கணவர்.

“வாங்க. மூணு எலக்ட்ரீஷியன் பாத்துட்டாங்க. ஒயர்ல ஒண்ணுமில்லையாம். ஆனா அவளோட மேசை விளக்கு அதுவா எரியுது, அதுவா குனியுது. நீங்க அவகிட்ட அசிஸ்டென்ட்டா இருந்தீங்களே, அதான் கூப்பிட்டேன்.”

“அசிஸ்டென்ட்டுன்னா சொன்னா?”

“கெட்டிக்காரின்னும் சொல்வா.”

அவள் உள்ளே நடந்தாள்.

பதினோரு ஆண்டுகள் அவர்கள் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து வரைந்தவர்கள். ஒரு வரைபடத்தின்படி செய்த முதல் விளக்கு எரிந்த பிறகே, அதன் வெளிச்சத்திலேயே, வரைந்தவர் அதில் கையெழுத்திட வேண்டும் என்பது இருவரும் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. மூன்று மூட்டுகளில் மடங்கும் இந்த மேசை விளக்கை வரைந்தவள் இவள். அது முதன்முதலாக எரிந்த அன்று இவள் காய்ச்சலில் கிடந்தாள், கையெழுத்திட்டவள் தோழி.

வேலையறையில் கனத்த திரைகள் பகலை அடைத்திருந்தன. பென்சில் சீவலின் மணம் புதிதாக வீசியது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் அருகில் சென்றதும் முதல் மூட்டு மடங்கியது. பிறகு இரண்டாவது. வெளிச்சம் மேசையின் கீழிழுப்பறையில் போய் நின்றது.

“அதை அவ போனப்புறம் யாருமே திறக்கல,” என்றார் கணவர், வாசற்படியைத் தாண்டாமல்.

உள்ளே அந்த விளக்கின் மூல வரைபடம் இருந்தது. வலது கீழ்மூலையில் தோழியின் கையெழுத்து இருந்த இடம், தாள் மெலியும்வரை சுரண்டப்பட்டிருந்தது.

“இப்பவாவது மனசு வந்துச்சேடி,” என்று முணுமுணுத்துப் பேனாவை எடுத்தாள்.

முனை தாளைத் தொட்டது.

விளக்கு அணைந்தது.

பேனாவை உயர்த்தினாள், எரிந்தது. மீண்டும் தொட்டாள்; அணைந்தது. மூன்றாம் முறை அவள் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இருளிலேயே தன் பெயரை முழுவதும் எழுதி முடித்தாள். குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் புறங்கையின்மேல் மெல்லப் படிந்திருந்தது.

வெளிச்சம் திரும்பியது.

பேனா அவளுடையது. மையும் அவளுடையது. மூலையில் ஈரமாய் மின்னிய கையெழுத்து, தோழியுடையது.

“சரியாயிடுச்சா?” என்றார் கணவர்.

“இல்லைங்க. அவ இன்னும் விடல.”

மறுநாள் தன் அலுவலகத்தில், யாரிடமும் சொல்லாமல், புதியதொரு சுவர்விளக்கை வரையத் தொடங்கினாள். நண்பகலுக்குள் பாதி முடிந்துவிட்டது. இதுவரை அவள் வரைந்தவற்றுள் இதுவே சிறந்தது என்பது அவளுக்கே தெரிந்தது.

அப்போது, அவள் மேசையிலிருந்த சாதாரண விளக்கின் தலை படத்தைவிட்டு மெதுவாகத் திரும்பியது. வலப்பக்கம் நகர்ந்து, இன்னும் கையெழுத்திடப்படாத கீழ்மூலையில் நின்றது.

“இதுவுமாடி?” என்று கேட்டாள்.

வெளிச்சம் தாளை நோக்கி இன்னும் சற்றுத் தாழ்ந்தது.