பிர்க்கன்ஸ்டைன் பாலத்தின் இரண்டாம் சாவி

டான்யூப் மாநதி தன் இளமைப் பருவத்தை ஆடியும் பாடியும் கழிக்கின்ற சுவாபிய நாட்டிலே, இருமருங்கும் வெண்சுண்ணப் பாறைகள் கோட்டைச் சுவர்போல் எழுந்து நிற்க, அவற்றின் உச்சியில் கருநிறத் தேவதாரு மரங்கள் கூடி நின்று ஆற்றை எட்டிப் பார்க்க, மேற்றிசையில் கதிரவன் குருதி வழிய வீழ்ந்த அதே வேளையில் கீழ்த்திசையில் முழுமதி மெல்லத் தலைநீட்டிய ஓர் ஐப்பசி மாதத்து அந்தியில், பிர்க்கன்ஸ்டைன் என்னும் சின்னஞ்சிறு கோட்டையின் மதில்மேல் ஓர் இளம்பெண்ணும் ஓர் இளைஞனும் நின்று, கீழே நதியைக் குறுக்கே தாண்டிச் சென்ற கற்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பெண் பிர்க்கன்ஸ்டைன் நாட்டின் அதிபதி கோமகள் ஒட்டீலியா. சென்ற குளிர்காலத்தில் தந்தை காய்ச்சலில் மாண்டதும் பட்டத்துக்கு வந்தவள். 'நாடு' என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். ஒரு கோட்டை, ஒரு பள்ளத்தாக்கு, அதில் நான்கு கிராமங்கள், இந்தப் பாலம், அவ்வளவுதான். மதில்மேல் நின்று உரக்கத் தும்மினால் அண்டை நாட்டிலிருந்து 'ஆண்டவர் காக்க!' என்று குரல் கேட்கும்.

அன்பார்ந்த வாசகர்களே! மேலே செல்வதற்குமுன் அக்காலத்து ஜெர்மானியப் பேரரசின் அமைப்பை உங்களுக்கு முறையாகச் சொல்லிவிடுவது என் கடமை. நம் பாளையங்களைப் போல, ஆனால் அவற்றினும் சிறியவையும் எண்ணிக்கையில் மிகுந்தவையுமான நாடுகள் அங்கே இருந்தன. பிரபுக்கள் ஆண்டவை சில. வணிகர் சபை ஆண்ட நகரங்கள் சில. துறவியரே முடிசூடாமல் ஆண்ட மடங்கள் சில. தனித்து நின்றால் எவராலும் தம்மைக் காத்துக்கொள்ள முடியாதென்று பக்கத்துப் பக்கத்து நாடுகளை ஒன்றுகூட்டி 'மண்டலம்' என்று பேரரசர்கள் வகுத்திருந்தார்கள். மண்டலத்துக்கு ஒரு சபை உண்டு. போர் வந்தால் ஒரு படையும் உண்டு. அந்தப் படையின் கோலத்தைத்தான் காணக் கண் கோடி வேண்டும்! ஒரு நாடு வீரனைத் தரும். இன்னொன்று அவன் தொப்பியைத் தரும். முரசு ஒரு மடத்திலிருந்து வரும், அதை அடிக்கும் கோல் வேறொரு நகரத்திலிருந்து அடுத்த வாரம் வரும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. மண்டலத்தில் கத்தோலிக்கரும் உண்டு, லூதர் சபையாரும் உண்டு. முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் வெட்டிக் களைத்தபின் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தளபதி ஒரு சபையாராக இருந்தால் உபதளபதி மற்றச் சபையாராக இருந்தே தீரவேண்டும். வெடிமருந்து அறைக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி.

மதில்மேல் நின்ற இளைஞன் ருப்பெர்ட்தான், இந்தப் பாலத்தைக் காத்துநின்ற சிறு மண்டலப் படையின் உபதளபதி. ஆற்றுக்கு மேல்புறத்திலிருந்த மரியன்பாக் கன்னியர் மடத்தின் அன்னை அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு, கழுத்தில் ஜெபமாலையோடு அவன் படகிறங்கியபோது, கத்தோலிக்க உபதளபதி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த படை அவனை வாரி அணைத்துக்கொண்டது. கோமகளின் உள்ளமோ இன்னும் சற்று ஆழமாகவே அணைத்துக்கொண்டது.

"எதிரிப் படை இப்போது எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டாள் ஒட்டீலியா.

"அந்த மேற்குக் குன்றுகளுக்கு அப்பால், கோமகளே. ரைன் நதியைத் தாண்டி வந்த பிரெஞ்சுக் குதிரைகள் களைத்திருக்கும்."

"விடியும்வரை களைத்திருந்தால் போதும். விடிந்தால் மண்டலத்தின் பெரும்படை வந்துவிடும். அதற்குமுன் அவர்கள் இந்தப் பாலத்தைக் கடந்தால் என் பள்ளத்தாக்கில் ஒரு கூரைகூட மிஞ்சாது. குன்றில் அவர்கள் தலை தெரிந்த மறுகணம் வெடிமருந்து வெடித்துப் பாலம் தகர்ந்தாக வேண்டும்."

"என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"தங்கள் கையில் என் நாட்டையே கொடுத்திருக்கிறேன்" என்றாள் அவள். அவன் இடுப்பில் தொங்கிய சாவியைத்தான் சொன்னாள். ஆனால் சொன்னபோது கன்னம் சிவந்தது. அவன் ஏனோ அந்தக் கன்னத்தைப் பாராமல் நதியைப் பார்த்தான்.

அச்சமயம் கீழிருந்து, "கோமகளே! பீப்பாய்! பீப்பாய்!" என்று ஒரு முழக்கம் எழுந்தது. தளபதி பால்டாஃபின் குரல் அது. ஸ்டைன்பிரக் நகரத்தார் அனுப்பிய லூதர் சபைக்காரர். வயிற்றிலும் விதிமுறைகளிலும் கனத்தவர். மேல்புறத்திலிருந்து ஒரு படகு வந்துகொண்டிருந்தது. அதன் பாய்மரத்தில் வெள்ளை லில்லி மலர் பொறித்த நீலக்கொடி பறந்தது.

"மரியன்பாக் மடத்துக் கொடி! தங்கள் அன்னையே வருகிறார் போலிருக்கிறதே!" என்று மகிழ்ந்து திரும்பினாள் ஒட்டீலியா. ருப்பெர்ட் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தான். "பாலத்துக் காவலை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்" என்றது அவன் குரல் மட்டும்.

ஒட்டீலியாவும் இறங்கித் துறைக்கு வந்தாள். மடத்து அன்னை வால்பர்கா கரையேறியபோது படகு நிம்மதியாக ஒரு சாண் மேலெழுந்தது. "மகளே! எங்கள் மடத்தின் இந்த ஆண்டுப் பங்கு கொண்டுவந்திருக்கிறேன். பத்துப் பீப்பாய் பீர், ஒரு படகுப் பாலாடைக்கட்டி. இந்த லூதர்காரர் கண்ணில் படாமல் முதலில் உள்ளே எடுத்துவைக்கச் சொல்!"

"அன்னையே, எங்கள் சபையில் உபவாசம் இல்லைதான். அதற்காக நாங்கள் பீப்பாயையுமா தின்போம்?" என்று சிரித்தார் பால்டாஃப்.

"உங்கள் வயிற்றைப் பார்த்தால் வளையத்தைக்கூட விட்டிருக்க மாட்டீர் என்றே தோன்றுகிறது!"

ஒட்டீலியாவும் சிரித்தாள். "தாயே, பீப்பாயைவிடப் பெரிய உதவியைத் தாங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். தாங்கள் அனுப்பிய உபதளபதி இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம்!"

"எந்த உபதளபதி?"

"ருப்பெர்ட் பிரபு. தங்கள் மடத்தின் சார்பில் வந்தவர்."

அன்னை, இடுப்பில் ஊன்றிய கையை எடுக்காமல் அவளை உற்றுப் பார்த்தாள். "நான் யாரையும் அனுப்பவில்லையே, மகளே. உபதளபதிப் பதவி எங்கள் மடத்துக்கும் இன்னொரு கத்தோலிக்க நாட்டுக்கும் பொது. ஓராண்டு நாங்கள் அனுப்புவோம், மறு ஆண்டு அவர்கள். சென்ற ஆண்டு நாங்கள் அனுப்பினோம். இந்த ஆண்டு முறை அவர்களுடையது."

"அந்த இன்னொரு நாடு எது, தாயே?"

"இது என்ன கேள்வி? பிர்க்கன்ஸ்டைன்தான்! உன் தகப்பனார் சொல்லவில்லையா? அந்த உபதளபதியை அனுப்ப வேண்டியவள் நீதானடி, பெண்ணே!"

வாசகர்களே, இடி வானத்திலிருந்துதான் விழும் என்பது பாமரர் எண்ணம். சில சமயம் அது ஒரு கிழவியின் வாயிலிருந்தும் விழுகிறது. ஒட்டீலியாவின் காதில் நதியின் ஓசை நின்றது. மடம் அனுப்பியது என்று அவள் நினைத்தாள். அவள் அனுப்பியது என்று மடம் நினைத்திருந்தது. தளபதியோ...

"தங்களுக்குமா தெரியாது?" என்று அவள் தளபதியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

பால்டாஃபின் முகம் சுண்ணப்பாறை நிறமாகியிருந்தது. "கத்தோலிக்கர்களின் முறை விவகாரத்தில் நான் எப்படித் தலையிடுவது, கோமகளே? கேட்டிருந்தால் சபையில் என்மேல் வழக்கல்லவா தொடுத்திருப்பார்கள்? அவரவர் பக்கம் அவரவர்க்குத் தெரியும் என்று..."

அப்போது கோட்டைக் காவலனின் கொம்பு முழங்கியது. மேற்குக் குன்றின் விளிம்பில், சாயும் செவ்வொளியைப் பின்னணியாகக் கொண்டு, குதிரைவீரர்களின் தலைகள் வரிசையாக எழுந்தன.

ஒட்டீலியா பாலத்தை நோக்கி ஓடினாள். தளபதியும், காவலிருந்த வீரர்களும், மூச்சு வாங்க அன்னையும் பின்னால் ஓடிவந்தார்கள். இக்கரைத் தூணின் அடியில் வெடிமருந்தறையின் இரும்புக் கதவு மூடிக் கிடந்தது. பாலத்தின் நடுவளைவின் மேல், வெடிமருந்துக் குழாய் சென்று முடிகின்ற அதே இடத்தில், ருப்பெர்ட் தனியே நின்றிருந்தான். ஓடவில்லை, ஒளியவும் இல்லை.

"சாவியைக் கொடுங்கள்!"

"அது நதியின் அடியில் இருக்கிறது, கோமகளே."

"யார் நீங்கள்?"

"பிரெஞ்சுப் படையின் ஒற்றன். இந்தப் பாலம் முழுதாக நிற்க வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை." அவன் கசப்புடன் நகைத்தான். "உங்கள் மண்டலத்தில் ஒளிந்துகொள்ள இருட்டே தேவையில்லை. இருவருக்கு நடுவில் போய் நின்றால் போதும். ஒவ்வொருவரும் மற்றவருடைய ஆள் என்று வணக்கம் செலுத்துவார்கள்."

"துரோகி! எந்த மண்ணில் பிறந்தீர்கள்?"

"உங்கள் மண்ணில்தான்! என் பெயர் ருப்பெர்ட் அல்ல. கான்ராட். ஃபால்கனாவ் சிற்றரசரின் மகன்."

பின்னால் நின்ற அன்னை வால்பர்கா சிலுவைக் குறியிட்டுக்கொண்டாள். ஃபால்கனாவ்! ரைன் கரையில் எரிந்துபோன நகரம். இந்த மண்டலத்தின் உறுப்பு நாடுகளில் ஒன்று.

"என் தந்தை பிரெஞ்சு முற்றுகையில் கிடந்து உதவி கேட்டார். உங்கள் மண்டல சபை கூடியது. உதவிப் படையின் கொடியை எந்தச் சபையார் முதலில் பிடிப்பது என்று கோடை முழுவதும் பேசினார்கள். இலையுதிர்காலத்தில் ஊர் எரிந்தது. என்னைப் பிணைக்கைதியாகக் கொண்டுபோன பிரெஞ்சுக்காரர்கள் எனக்குச் சோறு போட்டார்கள், வாள் கொடுத்தார்கள். நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? இன்றும் சபையில் எங்கள் நாட்டின் பெயரை அழைக்கிறார்களாமே! பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்களாமே!"

அதிர்ச்சியின்மேல் அதிர்ச்சியாக இது அவள் நெஞ்சில் விழுந்தது. பொய்யன் என்று வெறுக்க வந்தவளுக்கு அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தது.

"என் பள்ளத்தாக்கு ஜனங்கள் என்ன செய்தார்கள், கான்ராட்?"

"அவர்களைத் தொடமாட்டோம் என்று எங்கள் சேனாபதி வாக்களித்திருக்கிறார்."

"ஃபால்கனாவ் மக்களுக்கும் வாக்களித்தார்களா?"

அவன் பார்வை மேற்குக் குன்றின் பக்கம் திரும்பியது. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. குதிரைக் குளம்புகள் குன்றுச் சரிவில் உருளத் தொடங்கின.

"தளபதி! கதவை உடையுங்கள்!"

பால்டாஃப் வியர்த்தார். "உபதளபதி சம்மதமின்றி இரண்டாம் பூட்டைத் தொட்டால், கோமகளே, அது கத்தோலிக்கர்மேல் நாங்கள் போர் தொடுத்ததற்குச் சமம். மண்டலமே பிளந்துவிடும்!"

"இந்த ஆண்டு உபதளபதியை நியமிப்பவள் யார்?"

"தாங்கள்தான்."

"நியமித்துவிட்டேன். நானே உபதளபதி!"

தளபதி விழித்தார். "ஒரு பெண்ணா...?"

"ஏன் ஐயா, ஆளை அனுப்ப உரிமையுள்ளவளுக்குத் தானே போக உரிமை இல்லையா?" என்று இரைந்தாள் அன்னை. "என் மடத்தின் வாசலில் கொள்ளையர் வந்தபோது உலக்கை பிடித்தது யார், போப்பாண்டவரா?"

மண்டலத்து விதிமுறைகளை மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்த பால்டாஃபின் முகம் மலர்ந்தது. "விதிப்படி சரியே! உத்தரவு, உபதளபதி அவர்களே!" என்று விறைப்பாக வணங்கினார். வீரர்கள் இரண்டாம் பூட்டைக் கோடரியால் பிளந்துகொண்டிருக்கையில், முதல் பூட்டை அவர் தம் சாவியால் முறைப்படி திறந்தார்.

ஒட்டீலியா தீவட்டியைக் கையில் வாங்கினாள். "கான்ராட்! ஓடிவிடுங்கள்!"

அவன் நடுவளைவிலிருந்து அசையவில்லை. நிலவொளி அவன் முகத்தில் விழுந்திருந்தது. "கொளுத்தமாட்டீர்கள், ஒட்டீலியா. நான் இங்கே நிற்கும்வரை கொளுத்தமாட்டீர்கள். பேசுவீர்கள். இந்த மண்டலத்தில் எல்லோரும் பேசுவார்கள்."

முதல் குதிரை அக்கரைப் பாலமுகப்பில் கால் வைத்தது. அவளுடைய கண்களில் நீர் நிறைந்து அவன் உருவம் இரண்டாயிற்று, நான்காயிற்று. அவள் குனிந்து திரியில் தீயை வைத்தாள்.

சீறிக்கொண்டு தீப்பொறி குழாய்க்குள் ஓடியது. கான்ராடின் முகத்தில் அக்கணம் தோன்றிய திகைப்பை என்னவென்று வருணிப்பேன்! அது மரண பயமன்று. அந்த மண்டலத்தில் ஒருவர் தாம் சொன்னதைச் சொன்ன வேளையில் செய்ததை அவன் தன் வாழ்நாளில் அன்றுதான் முதன்முறையாகக் கண்டான். மறுகணம் கைப்பிடிச் சுவரைத் தாவி நதியில் குதித்தான். வானமும் பூமியும் ஒன்றோடொன்று மோதியதுபோல் ஓர் ஓசை. நடுவளைவு நிலவை நோக்கி எழுந்து, கல்மாரியாக நீரில் பொழிந்தது. எதிரிக் குதிரைகள் கனைத்துக்கொண்டு பின்வாங்கின.

புகை கலைய நெடுநேரமாயிற்று. கலைந்தபோது, அக்கரையில், நீரோட்டத்தின் போக்கில் வெகு தூரத்துக்கு அப்பால், ஓர் உருவம் நாணலைப் பிடித்துக் கரையேறுவது தெரிந்தது. அது ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு மரங்களுக்குள் மறைந்தது.

"ஒற்றன் தப்பிவிட்டான்" என்றார் பால்டாஃப் மெதுவாக.

"அவர் மறுபடியும் இந்தப் பாலத்தில் நின்றால் நான் மறுபடியும் கொளுத்துவேன்" என்றாள் ஒட்டீலியா. "ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை, தளபதி. எரிந்த ஊர் நம்முடையது. அதை எரியவிட்டதும் நாம்தான். ஆண்டவர்மேல் ஆணை! அடுத்த மண்டல சபைக்கு நானே போவேன். ஃபால்கனாவை மீட்கப் படை புறப்படும்வரை என் இருக்கையைவிட்டு எழமாட்டேன்!"

பால்டாஃப் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்கவேண்டும், கோமகளே. சபையில் பிர்க்கன்ஸ்டைனின் இருக்கை ஜன்னல் பக்கமா கதவுப் பக்கமா என்பதுபற்றி அண்டை நாட்டாரோடு தங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை தங்களுக்கு அங்கே இருக்கையே கிடையாதே!"

ஒட்டீலியா தீவட்டியை நதியில் எறிந்தாள்.

"அப்படியானால் தரையில் உட்காருவேன்" என்றாள்.